தரங்கம்பாடியில் இருவராக இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தரங்கம்பாடிக்குப் போய் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறோம். இது தெரிந்த தங்கைகளும் அலுவலகத் தோழிகளும் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தொலைபேசியில் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தரங்கம்பாடி எங்கே இருக்கிறது? பெயர் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக் கடலோரத்தில் இருக்கிறது. வடக்கே சீர்காழி, தெற்கே காரைக்கால். 2020-இல் புதிய மாவட்டம் பிரியும்வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்ததால் பழைய புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும்.

பெயருக்கு 'அலைகள் பாடும் ஊர்' என்று எல்லோரும் பொருள் சொல்வார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பாடி' என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழைய சொல். வேளச்சேரிக்குச் 'சேரி' போல. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் 'சடங்கன்பாடி' என்றே இருக்கிறது. தரங்கம் என்றால் அலை என்பது மட்டும் உண்மை.

அங்கே போய் என்ன பார்ப்பது, அக்கா?

பார்ப்பதற்கென்று எடுத்துக்கொண்டால் அரை நாளில் முடிந்துவிடும். டேனிஷ் கோட்டை, கடல் அரித்த கோயில், இரண்டு பழைய தேவாலயங்கள், 1792-இல் கட்டிய நகர வாயில், அதிலிருந்து கடல் வரை நேராகப் போகும் ராஜ வீதி. அவ்வளவுதான். நீர்விளையாட்டு இல்லை, கடைத்தெரு இல்லை, இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் நடமாட்டமே குறைந்துவிடும்.

அதனால்தான் நாங்கள் போகிறோம். காலையில் படகு வருவதைப் பார்ப்பது, வெயிலில் தூங்குவது, சாயங்காலம் கருங்கல் தடுப்புச்சுவர் பக்கம் உட்கார்ந்திருப்பது. பட்டியல் போட்டு ஊர் சுற்றுகிறவர்கள் புதுச்சேரிக்கோ கொடைக்கானலுக்கோ போவது நல்லது. இங்கே வந்துவிட்டு 'ஒன்றுமே இல்லையே' என்று வருத்தப்படுவது ஊருக்கும் நியாயமில்லை, அவர்களுக்கும் நியாயமில்லை.

சென்னையிலிருந்து எப்படிப் போவது? சொந்தக் கார் இல்லை.

கார் தேவையே இல்லை. எழும்பூரிலிருந்து மயிலாடுதுறைக்கு நேரடி ரயில்கள் உண்டு. இரவு ரயிலில் போனால் விடியும்முன் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ் போகும். முன்பு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் மீட்டர் கேஜ் ரயிலே ஓடியது, எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள்.

பஸ்ஸில் சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். தை மாதத்தில் போனால் கடைசி வரை இருபுறமும் கதிர் முற்றிய வயல்தான். வயல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் காற்றின் வாசம் மாறும். அதை வைத்தே இறங்கும் இடம் வந்துவிட்டது என்று என் கணவர் சொல்லிவிடுவார்.

சிதம்பரம், சீர்காழி பக்கமிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்களும் இந்த வழிதான். தரங்கம்பாடியில் இறங்கத் தவறினால் பதற வேண்டாம், அடுத்த நிறுத்தமான பொறையாரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பணம் எடுக்கவும் மருந்து வாங்கவும் பொறையார்தான் வசதி.

எத்தனை நாள் தங்கினால் சரியாக இருக்கும்?

இரண்டு இரவு. ஒரே இரவு தங்கினால், வந்த களைப்பில் முதல் நாள் விடியலைத் தவறவிட்டு, மறுநாள் கிளம்பும் அவசரத்தில் இரண்டாவதையும் தவறவிடுவீர்கள். மூன்றாவது இரவு உங்கள் விருப்பம். நான் யாரையும் மூன்றுக்கு மேல் வற்புறுத்தியதில்லை.

எந்த மாதத்தில் போகலாம்?

பொங்கல் முடிந்து மார்ச் நடுப்பகுதி வரை. வாடைக்காற்று தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டா கடலோரத்துக்குப் புயல் வருவதும் அப்போதுதான். நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மழையில் கடல் பார்க்க ஆசை என்று சொல்வார்கள். ஆனால் அந்த நாட்களில் ஊரே தூங்காமல் கரையில் படகை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும். அப்போது நாம் விருந்தாளியாகப் போய் நிற்க வேண்டாம்.

ஏப்ரல், மே பகலில் தாங்க முடியாத வெக்கை. ஆனாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குக் கடற்காற்று ஏறிவிட்டால் சாயங்காலம் நன்றாக இருக்கும். கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் மீன் பற்றிய கேள்வியையும் கீழே படித்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பார்த்த அறை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அப்படிப்பட்ட அறைகள் மிகக் கொஞ்சம். கோட்டைப் பக்கம் பழைய பங்களாக்களை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், வாடகை அதிகம். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலைப் பக்கமும் எளிய அறைகள் உண்டு. சனி, ஞாயிறு தவிர்த்து வார நாளில் போனால் வாடகையும் குறையும், கடற்கரையும் அமைதியாக இருக்கும்.

ஒரு முறை ஒரு விடுதியில் 'கடல் தெரியும் அறை' என்று சொல்லி வாங்கிக்கொண்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் ஏறி நின்றால் மட்டுமே கடல் தெரிகிற அறையைக் கொடுத்தார்கள். மிகவும் மனம் நொந்தது. அதிலிருந்து முன்பதிவு செய்யும்போது 'கட்டிலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா?' என்று கேட்டு, சன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். நேர்மையானவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள்.

இத்தனை சிறிய ஊரில் எப்படி ஐரோப்பியக் கோட்டை வந்தது?

மிளகு வாங்க வந்தவர்கள் கட்டியது. 1620-இல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெட்டே என்ற தளபதியின் கப்பல்கள் வந்தன. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் அந்த ஆண்டு நவம்பரில் அவர்களோடு ஒப்பந்தம் செய்து இந்தக் கடலோர ஊரைக் கொடுத்தார். டென்மார்க் அரசருக்கு அவர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அப்போது எழுப்பியதுதான் டேன்ஸ்பர்க் கோட்டை.

1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற 23 வயது ஜெர்மானிய இளைஞர் பாதிரியாராக இங்கே கரையிறங்கினார். தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது 1715-இல் அச்சாகி முடிந்தது. நடுவில் டேனிஷ் ஆளுநரோடு மோதல் வந்து, அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிலும் இருந்திருக்கிறார். 1714-இல் ஊருக்குப் புறப்பட்டுப் போனவர், திருமணம் செய்து 1716-இல் மனைவியோடு திரும்பி வந்தார். 1719-இல் 36 வயதில் இறந்தபோது, ராஜ வீதியில் அவரே கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்து மூன்று ஆண்டுகூட அவர்கள் இங்கே சேர்ந்து வாழவில்லை. அந்தக் கல்லறை முன்னால் நான் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் நிற்பேன்.

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வணிகமும் அங்கே போனது. இன்று நாம் தேடி வரும் அமைதி அப்படி வந்ததுதான். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம். குளிக்கவோ நீந்தவோ வேண்டாம். இங்கே கரை சட்டென்று ஆழமாகும், அலை கரையோரத்திலேயே வந்து அடிக்கும். கோட்டை, கோயில் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை தூக்கி அதில் எறிந்தால் எலும்பு தப்பாது. காப்பாற்ற ஆள் நிற்கும் கடற்கரையும் இல்லை இது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் அலை உடையும்போது ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அலையில்லாமல் கலங்கலாக இருந்தால், அது பாதுகாப்பான இடம் போலத் தோன்றும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகிறது. அதில் சிக்கியவர்கள் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர் எங்களிடம் சொன்னது: 'நாங்களே சும்மா இறங்க மாட்டோம், தொழிலுக்கு மட்டும்தான் இறங்குவோம்.'

படகுகள் எத்தனை மணிக்கு வரும்? நாங்கள் பார்க்கலாமா?

பார்க்கலாம், அதுதான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. சிறிய ஃபைபர் படகுகள் இருட்டிலேயே கிளம்பிவிடும். விடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும். சில கரைக்கு வரும், சில புதிதாகக் கட்டிய மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும். ஜூனில் சூரியன் ஐந்தே முக்கால் மணிவாக்கிலும், ஜனவரிக் கடைசியில் ஆறரை மணிவாக்கிலும் உதிக்கும். அதற்கு அரை மணி முன்னால் கரையில் இருங்கள்.

படகு மணலைத் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அப்போதுதான் அடுத்த வேலை தொடங்குகிறது. நான்கு பேர் எதிரெதிராக உட்கார்ந்து வலையை மடியில் இழுத்துப் போட்டு, கண்ணியில் மாட்டிய மீனை ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்கள். ஒரு நண்டு மாட்டியிருந்தால் அதைப் பிரிக்க ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. கொடுக்கை உடைத்தால் விலை போய்விடும், நூலை அறுத்தால் வலை போய்விடும். கட்டைவிரலால் கண்ணியை ஒதுக்கி, நண்டைத் திருப்பி, ஒரு காலாக எடுப்பார்கள். அரை மணி நேரம் நாங்கள் இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிற்கும் இடம் முக்கியம். கயிறு இழுக்கும் பாதையில் நிற்காதீர்கள். காயப்போட்ட வலையைச் செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். ஆண்களை 'அண்ணன்' என்றும் மீன் விற்கும் பெண்களை 'அக்கா' என்றும் கூப்பிடுங்கள். 'இன்றைக்குப் பாடு எப்படி, அண்ணன்?' என்று கேட்டால் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன்.

நாங்கள் போன அன்று ஒரு படகும் போகவில்லையே, ஏன்?

எங்களுக்கும் ஒரு முறை அப்படி ஆனது. கடல் அமைதியாக இருந்தது, படகுகள் எல்லாம் வரிசையாகக் கரையில் கிடந்தன. டீக்கடையில் கேட்டபோது ஊரில் ஒரு சாவு என்றார்கள். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அன்று ஊரே தொழிலுக்குப் போகாது. கோயில் திருவிழா, ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டம், கடல் எச்சரிக்கை என்று வேறு காரணங்களும் உண்டு. மீனவர் ஊர்களில் பஞ்சாயத்தார் எடுக்கும் முடிவுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள்.

அன்று மீன் கிடைக்கவில்லையே என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

மீனை நேரடியாகக் கரையில் வாங்கலாமா? ஏமாற்றிவிடுவார்களா?

மொத்தமாக வரும் மீன் ஏலத்தில் போய்விடும். அதில் நமக்கு இடமில்லை. ஏலம் எடுத்த பெண்கள் சிறு கூறுகளாகப் பிரித்து விற்பார்கள். ஒரு கூறு சங்கராவோ நெத்திலியோ இருவருக்குத் தாராளம். விலையை மிகவும் அடித்துப் பேசாதீர்கள். அந்த அக்கா ஏலத்தில் கொடுத்த பணத்துக்கு மேல் கிடைப்பதுதான் அவர் வீட்டு அன்றாடச் செலவு. சென்னை விலையோடு ஒப்பிட்டால் உங்களுக்கு எப்படியும் லாபம்தான்.

நல்ல மீனா என்று பார்க்கக் கண்ணைப் பாருங்கள், தெளிந்து புடைத்திருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை எழும்ப வேண்டும். கரையில் இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் அவசியம் இருக்காது. தங்கும் இடத்தில் முந்தின நாளே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள். மசாலாவைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் பிடித்த சாளைக்குப் புளியும் மிளகாயும் அளவாக இருந்தால் போதும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், அன்று கடல் கொடுத்ததைச் சாப்பிடுங்கள்.

மே மாதம் தடைக்காலம் என்கிறார்களே, அப்போது மீனே இருக்காதா?

இருக்கும், ஆனால் குறைவு. தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விடும் இடைவெளி அது. கரையோரமாகத் தொழில் செய்யும் சிறு படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் மேலே சொன்ன காலைக் காட்சி அப்போதும் உண்டு. பெரிய மீன் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும். விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு அது வருமானம் இல்லாத காலம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

என் மனைவி சுத்த சைவம். மீன் நாற்றத்தில் அவளால் இருக்க முடியுமா?

முடியும். ஏலக் கரையிலும் கருவாடு காயும் இடத்திலும்தான் வாசம் கடுமையாக இருக்கும். கோட்டை, ராஜ வீதிப் பக்கம் வெறும் கடற்காற்றுதான். சாப்பாட்டுக்குப் பொறையாரில் சைவ ஓட்டல்கள் உண்டு, திருக்கடையூரில் இன்னும் அதிகம். ஒரு வேண்டுகோள்: கருவாட்டைக் கடக்கும்போது அந்த வீட்டார் எதிரில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம்.

காசு கொடுத்தால் படகில் ஒரு சுற்றுக் கூட்டிப் போவார்களா?

கேட்காதீர்கள். அது மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு. பயணிகளை ஏற்ற உரிமமோ காப்பீடோ இல்லை. கரையைத் தாண்டும்போது அலை முகப்பைத் தூக்கி அடிக்கும் அடி, பழகாதவர்களுக்கு மிகவும் ஆபத்தானது. கவிழ்ந்தால் பொறுப்பு அவர் தலையில் விழும். மரியாதைக்காகச் சரி என்று சொல்லக்கூடியவரை அந்த நிலைக்குத் தள்ளுவது தவறு.

படகில் போயே ஆக வேண்டுமென்றால் போகும் வழியில் பிச்சாவரத்தில் இறங்குங்கள். அங்கே அதற்கென்றே உயிர்க்காப்பு உடையோடு துடுப்புப் படகுகள் இருக்கின்றன, அலையாத்திக் காட்டின் நிழலும் இருக்கிறது.

சூரியன் மறைவதைக் கடலில் பார்க்க முடியுமா?

முடியாது, கிழக்குக் கடல். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் ஊர்ப் பக்கம் இறங்கும். ஆனால் அந்த நேரத்தைத்தான் தொல்காப்பியம் கடலோர நெய்தல் நிலத்துக்குரிய எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, என்று பிரித்து வைத்திருக்கிறது. கோட்டைச் சுவரில் வெயில் சாய்ந்து, கடல் கறுக்கத் தொடங்கும் அந்த அரை மணி நேரம் நிலத்துக்கு உரிய நேரம் என்றால் என்னவென்று புரியவைத்துவிடும்.

மறையும் சூரியனுக்குப் பதிலாக உதிக்கும் நிலவைப் பாருங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையிலேயே நிலவு கடலிலிருந்து எழும். வானம் வெளிச்சமாக இருப்பதால் வெளிறித் தெரியும். அடுத்த நாள் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிந்தி, நன்றாக இருட்டிய பிறகு எழும். முதலில் அடிவானத்தில் ஏதோ படகு விளக்கு போலச் செம்பொட்டு, பிறகு தணல் போல ஒரு விளிம்பு, அப்புறம் முழு நிலவு. அதிலிருந்து நம் கால் வரைக்கும் தண்ணீரில் ஒரு பாதை. எங்கள் பயணத் தேதியை நாங்கள் பௌர்ணமிக்கு மறுநாளை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடலோரத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். இரவில் மணலில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

நானும் பல முறை கேட்டிருக்கிறேன். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் உண்மை வேறு. நமக்கு நன்மை செய்யும் ஓசோன் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு விடும் உயரத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளிலிருந்து உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. இங்கே மூச்சு இலகுவாக இருப்பதாகத் தோன்றுவதற்குப் புகையும் புழுதியும் இல்லாததே போதுமான காரணம்.

கைகோத்து நடந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

கைகோத்து நடப்பதற்கு யாரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. அதற்கு மேல் நெருக்கம் அறையோடு இருக்கட்டும். இந்தக் கரை அவர்கள் வீட்டு வாசல், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். உடையும் அப்படித்தான், நம் சொந்த ஊரில் கோயில் திருவிழாவுக்கு எதை உடுத்துவோமோ அது போதும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மீன் விற்கும் அக்காவை அவர் அறியாமல் படமெடுத்துவிட்டு நகரக் கூடாது. அனுமதி தந்தால் எடுத்த படத்தைக் காட்டுங்கள்.

எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அறை கொடுப்பார்களா?

சட்டத்தில் தடை இல்லை. 2019 டிசம்பரில் கோவை விடுதி ஒன்றின் வழக்கில், திருமணமாகாத இரண்டு வயதுவந்தோர் விடுதியறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சின்ன ஊரில் எல்லா விடுதிக்காரர்களும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். முன்பதிவின்போதே இருவர் பெயரையும் அடையாள அட்டையையும் கொடுத்து, வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் பையோடு வந்து வாசலில் வாதாடும் நிலை வரக் கூடாது.

காரைக்காலில் மது மலிவாமே, வாங்கி வந்து அறையில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே விற்கும் மதுவைத் தமிழக எல்லைக்குள் கொண்டுவருவது குற்றம். பொறையாருக்குத் தெற்கே எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது, பஸ்ஸிலும் ஏறிப் பார்ப்பார்கள். நிம்மதிக்காக வந்துவிட்டுக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டாம்.

அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவைத் திருக்கடையூர் கூட்டிப் போகிறோம். அப்படியே தரங்கம்பாடிக்கும் போகலாமா?

தாராளமாக. அபிராமி கோயிலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். எமனை ஈசன் உதைத்த தலம் என்பதால் அறுபது, எண்பது நிறைந்தவர்கள் அங்கே மாலை மாற்றிக்கொள்ள வருகிறார்கள். சொந்தபந்தம் எல்லாம் கலைந்ததும் அந்த இருவரை மட்டும் கடற்கரையில் ஒரு இரவு தங்கவையுங்கள். என் பெற்றோருக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அத்தனை ஆண்டு வாழ்க்கையில் இருவர் மட்டும் வெளியூரில் தங்கியது அதுதான் முதல் முறை என்று அம்மா பிறகு சொன்னார்.

வயதானவர்களுக்கு மணலில் நடப்பது சிரமம். கோட்டை முன்பு வரை வண்டி போகும்.

சுனாமியைப் பற்றி அங்கே உள்ளவர்களிடம் கேட்கலாமா?

நாமாகக் கேட்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தரங்கம்பாடிக் குப்பமும் அதில் தப்பவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் யாராக இருந்தாலும் அவர் வீட்டில் ஒரு இழப்பு இருக்கக்கூடும்.

அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், இடையில் பேசாமல் கேளுங்கள். எங்களுக்கு மீன் கொடுக்கும் அக்கா, நாங்கள் நான்காவது முறை போனபோதுதான் சொன்னார். தேங்காய் அளவு இருந்த மகளின் கொண்டையை இரண்டு கையாலும் காட்டினார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு நாளும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அலுத்துப்போய் எங்களுக்குள் சண்டை வந்துவிடாதா?

முதல் நாள் பிற்பகல் அப்படித் தோன்றும். கை தானாகவே போனைத் தேடும். அலுப்பு தாங்கவில்லை என்றால் அருகில் அனந்தமங்கலத்தில் பத்துக்கை ஆஞ்சநேயர் இருக்கிறார், பூம்புகார் இருபது கிலோமீட்டர் சுற்றில் இருக்கிறது, நாகூர் தர்காவுக்குப் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். நான் முதலிலேயே சொன்ன நடைமுறையைத்தான் பரிந்துரைப்பேன்: காலையில் கரை, பகலில் தூக்கம், சாயங்காலம் கல்.

சண்டையும் வரலாம். எங்களுக்கு வந்திருக்கிறது. வீட்டில் என்றால் அவர் ஒரு அறைக்கும் நான் ஒரு அறைக்கும் போய்விடுவோம். அங்கே போக வேறு இடம் இல்லாமல், ஒரே கருங்கல்லில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு அலை ஒன்று மேலேறி இருவர் காலையும் நனைத்தது. 'செருப்பை எடு, போய்விடப் போகிறது' என்றார். எடுத்தேன். அப்படியே நடந்து போய் டீ குடித்தோம்.